கரண்ட் போய் வந்தால் முகவரியை மறக்கும் மெஷின்கள்

"ஊகெஸி உஹம்பிலே." ஜூலு மொழியில் 'கரண்ட் போயிடுச்சு'. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் நான் முழுசாகக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் இதுதான். வணக்கம் சொல்லப் பழகியது அதற்கப்புறம்தான்.

மொபேனி பக்கம் ஒரு பாட்டில் நிரப்பும் ஆலையில் கன்ட்ரோல் டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த ஊர் கோயம்புத்தூர். அங்கே ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தபோது டிரைவுக்கு (மோட்டாரை ஓட்டி, அதன் வேகத்தை ஆளும் பெட்டி) கட்டளை ஒயரில் போகும். ஸ்டார்ட்டுக்கு ஒரு ஒயர், ஸ்டாப்புக்கு ஒன்று, வேகத்துக்கு 4-20 மில்லிஆம்ப். கரண்ட் போய் வந்தாலும் ஒயர் அங்கேயேதான் இருக்கும். இங்கே பிஎல்சி (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்), டிரைவ், எச்எம்ஐ (ஆப்பரேட்டர் தொடும் திரை) எல்லாம் ஈதர்நெட் கேபிளில் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கூப்பிடும் எண், வேண்டும். அந்த முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்ற கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

2022 ஜூலையில் எங்களுக்குப் புது லைன் வந்தது. ஒரு காம்பேக்ட்லாஜிக்ஸ் பிஎல்சி, கன்வேயர்களுக்கு ஆறு பவர்ஃபிளெக்ஸ் 525 டிரைவ்கள். அந்த வருஷம் ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் மின் கட்டமைப்பு பாழாகிப்போனதால், நாடு முழுக்க லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நடந்துகொண்டிருக்க, டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சிக்கு மட்டும் சில மாதம் விலக்கு கொடுத்திருந்தார்கள். லைனைப் போட்டுக்கொடுத்த கான்ட்ராக்டர் ஆட்கள் நிம்மதியாக வேலையை முடித்தார்கள். பேனல் அறை மூலையில் அவர்களுடைய பழைய லேப்டாப் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மூடி மேல் தூசி. என்ன செய்கிறது என்று நான் கேட்டதில்லை. செப்டம்பர் கடைசியில் ஒப்பந்தம் முடிந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்டோபரில் விலக்கு முடிந்தது, மின்வெட்டு திரும்பி வந்தது.

முதல் ராத்திரி. எட்டு மணிக்குப் போன கரண்ட் பத்தேகாலுக்கு வந்தது. பாட்டில் நிரப்பும் ஃபில்லர் எழுந்தது, மூடி போடும் கேப்பர் எழுந்தது, கன்வேயர் ஒன்றுகூட அசையவில்லை. பிஎல்சியில் ஆறு டிரைவுக்கும் மஞ்சள் முக்கோணம், 16#0204 என்ற பிழை எண். அதாவது இணைப்பு கேட்டேன், நேரம் முடிந்தது, பதில் இல்லை. டிரைவ்களில் ஈநெட் என்ற நெட்வொர்க் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கேபிள் இருக்கிறது, ஆனால் யாரும் அதோடு பேசவில்லை.

அங்கிள் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் சீனியர் எலக்ட்ரீஷியன், டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்காரர், அறுபதை நெருங்குகிறவர். பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் கோயிலில் தேவாரத்தை ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு ஓர் எழுத்து பிசகாமல் பாடுவார். அவரை இங்கே எல்லாரும் அங்கிள் என்பார்கள், நானும் அப்படியே. அவர் என்னை 'தம்பி' என்பார். அவர் வாயிலிருந்து வரும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

"தம்பி, எல்லாம் ஒரே நேரத்துல சாகாது. இது செத்தது இல்ல, மறந்தது" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். இந்த டிரைவ் ஃபேக்டரியிலிருந்து வரும்போது பூட்பி நிலையில் வரும். கரண்ட் வந்ததும், "என்னுடைய மேக் முகவரி இது, எனக்கு யாராவது ஐபி கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கத்தும். மேக் முகவரி என்பது பிறக்கும்போதே எழுதிவிட்ட 48 பிட் எண், அது மாறாது. ஐபி நாம் கொடுப்பது. பதில் சொல்ல ஒரு சர்வர் இருந்தால் முகவரி கிடைக்கும், இல்லாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். மூலையில் இருந்த தூசி லேப்டாப்தான் மூன்று மாதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த சர்வர். பராமரிப்புக்காக எப்போதாவது ஐசொலேட்டரை (கரண்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஆஃப் செய்து போட்டாலும் அது சத்தமில்லாமல் எண்ணைக் கொடுத்துவிடும். அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

என் லேப்டாப்பில், இந்த பிஎல்சியையும் டிரைவையும் செய்யும் ராக்வெல் கம்பெனியின் பூட்பி டூலைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருபது நிமிஷம் கேபிளை மாற்றி மாற்றிக் குத்தினேன். கடைசியில் பார்த்தால் இரண்டு குற்றமும் என்னுடையது. பூட்பி கேள்வி வந்து சேரும் வாசலான யுடிபி 67-ஐ விண்டோஸ் ஃபயர்வால் அடைத்து வைத்திருந்தது. வைஃபை வேறு ஆன். ஆபீஸ் வைஃபையும் 192.168.1 வரிசை, மெஷின் நெட்வொர்க்கும் 192.168.1 வரிசை. எந்த வாசல் வழியாகப் போவது என்று லேப்டாப்புக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து பேனல் கதவைத் திறக்கும் முன் வைஃபையை அணைக்கிறேன், பேனல் போர்ட்டுக்கு 192.168.1.250, மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைச் சொல்கிறது என்பதைக் காட்டும் எண்) 255.255.255.0, கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வழி) காலி. இதைச் செய்யாமல் வேறு எதையும் நம்புவதில்லை.

ஃபயர்வாலை நிறுத்தியதும் டூலின் மேல் பாதியில் ஆறு மேக் முகவரிகள் வரிசையாக வந்து விழுந்தன, சில நொடிக்கு ஒருமுறை மறுபடி மறுபடி. ஆறு குழந்தைகள் ஒரே குரலில் அழுவதுபோல. இதில் மூன்றாம் கன்வேயர் எது? மேக் முகவரி டிரைவின் பக்கவாட்டு ஸ்டிக்கரில்தான் இருக்கும். டிரைவ்களோ ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அங்கிள் டார்ச் அடிக்க, நான் போனை இடுக்கில் விட்டு போட்டோ எடுத்துப் பெரிதாக்கி எழுதிக்கொண்டேன். இரண்டு ஸ்டிக்கரில் 8-ஐ நான் பி என்று படித்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. எழுதியதோடு பொருந்தாத இரண்டு மேக் டூலில் மிச்சமிருந்தன. "இது இரண்டாவது, அது மூன்றாவதாகத்தான் இருக்கும்" என்று ஊகித்து எண்களைக் கொடுத்தேன். ஆறு டிரைவும் பச்சை. மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. எல்லாரும் சந்தோஷம். ஆப்பரேட்டர் எச்எம்ஐயில் இரண்டாம் கன்வேயரை மேனுவலில் ஓட விட்டார்; மூன்றாவது ஓடியது. அங்கே ஒரு பையன் சாய்ந்த பாட்டிலை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். அங்கிள் எமர்ஜென்சி கயிற்றை இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு என் முதுகில் ஓடிய வியர்வை மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டும் ஒரே மாடல், ஒரே குதிரைசக்தி டிரைவ். முகவரி இடம் மாறினால் பிஎல்சிக்கு அது தவறே இல்லை. கேட்ட இடத்தில் கேட்ட மாதிரி டிரைவ் இருக்கிறது, போதும். பச்சை விளக்கு 'பேசுகிறேன்' என்று மட்டும் சொல்லும், 'நான்தான் அது' என்று சொல்லாது. அதன் பிறகு எத்தனை மணியானாலும் டிரைவுக்கு முகவரி கொடுத்தால், மோட்டார் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி, கை எட்டாத தூரத்தில் எல்லாரையும் விலகச் சொல்லி, ஒவ்வொன்றாக ஜாக் பண்ணி, அதாவது கொஞ்சம் மட்டும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் லைனைக் கொடுப்பேன். புரொடக்ஷன் மேனேஜர் பத்து நிமிஷத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

சரி, முகவரி கொடுத்தாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். இரண்டு நாள் கழித்து விடிகாலை கரண்ட் வெட்டு. நாலரைக்குப் போன். அதே கதை. லேப்டாப்போடு ஓடினேன், அதே ஆறு எண்கள். அடுத்த வாரம் மறுபடியும். மூன்றாவது தடவை அங்கிள் பொறுக்காமல் கேட்டார்: "தம்பி, நீ டெய்லி பேர் வைக்கிற. அது காதுல கேட்டுக்குது, எழுதி வெச்சுக்கலையே?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. மேனுவலைத் திறந்து படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டியது.

525-இல் இதற்கு லேப்டாப்பே வேண்டாம். முகப்பில் உள்ள கீபேட் போதும். சி128 என்பது முகவரி எங்கிருந்து வர வேண்டும் என்ற தேர்வு. அதில் 2 என்றால் பூட்பி, 1 என்றால் டிரைவ் உள்ளேயே எழுதி வைத்த எண். அதை 1 ஆக்கி, சி129 முதல் சி132 வரை முகவரியின் நான்கு பாகங்கள்: 192, 168, 1, 23. சி133 முதல் சி136 வரை மாஸ்க்: 255, 255, 255, 0. கேட்வே வேண்டுமானால் சி137 முதல் சி140. பிறகு டிரைவுக்கு வரும் கரண்ட்டை முழுக்க நிறுத்தி, டிஸ்ப்ளே அணைந்து இருட்டாகும்வரை காத்திருந்து, திரும்பப் போட வேண்டும். கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் மின்சாரத்தில் அது கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். சட்டென ஆஃப் செய்து ஆன் செய்தால் புது எண் ஏறாது, நீங்கள் உங்களையே திட்டிக்கொள்வீர்கள்.

பிஎல்சிக்கு வழி வேறு. பூட்பி டூலில் முகவரி கொடுத்ததோடு நிறுத்தாமல், அந்த வரியைத் தேர்ந்தெடுத்து 'டிஸேபிள் பூட்பி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். கீழே வெற்றி என்று ஒரு வரி வந்தால்தான் முகவரி கன்ட்ரோலருக்குள் குடியேறியது என்று அர்த்தம். யுஎஸ்பி கேபிள் இருந்தால் ராக்வெல்லின் ஆர்எஸ்லிங்க்ஸ் மென்பொருள் வழியாகப் போய் ஸ்டாட்டிக் (நிலையான முகவரி) என்று மாற்றுவது இன்னும் சுத்தம். மேக் தேடும் வேலையே இல்லை, எந்தப் பெட்டியில் கேபிள் குத்தியிருக்கிறதோ அதற்குத்தான் எண் போகும். கார்டுகளைச் செருகும் பழைய சேஸிஸ் வகை பிஎல்சியில் ஈதர்நெட் கார்டின் மேல் மூன்று சுழல் ஸ்விட்ச் இருக்கும். 023 என்று திருப்பி வைத்தால் 192.168.1.23. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். கண்ணால் பார்க்கலாம், ஸ்க்ரூடிரைவரால் மாற்றலாம், கரண்ட் எத்தனை முறை போனாலும் பிளாஸ்டிக் சக்கரம் தானாகச் சுற்றாது.

மேனேஜ்டு ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும், நாம் அமைக்கக்கூடிய பெட்டி) வைத்து ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முகவரி என்று கட்டிவிடலாம், எரிந்த டிரைவை ராத்திரி மாற்றுகிறவர் கேபிளைக் குத்தினால் போதும், எண் தானாக வரும் என்று சிலர் சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ராத்திரி டிரைவ் மாற்றுகிறவர் அங்கிள் மாதிரி எலக்ட்ரீஷியன். கீபேடில் எண் அடிக்க அவருக்குத் தெரியும். கேபிளைத் தவறான போர்ட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் ஆலைக்குக் கீபேட்தான்.

அடுத்தது 2023. அந்த வருஷம் மின்வெட்டு இல்லாத நாளை விரல்விட்டுத்தான் எண்ண வேண்டும். எங்களிடம் இருந்த லேபிள் ஒட்டும் மெஷினோடு அதே தயாரிப்பாளரின் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. மெஷின் செய்கிறவர்கள் எல்லா மெஷினுக்கும் ஒரே ப்ரோக்ராமை ஏற்றி அனுப்புவார்கள், அதனால் ஒரே முகவரியும். இரண்டுமே 192.168.1.10. தனித்தனியாக ஓடும்வரை பிரச்சினை இல்லை. உற்பத்திக் கணக்குக்காக இரண்டையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் சேர்த்த அன்று எச்எம்ஐ பித்துப் பிடித்ததுபோல் ஆனது. ஒரு நிமிஷம் எண்ணிக்கை வரும், அடுத்த நிமிஷம் நட்சத்திரக் குறிகள். பழைய மெஷினின் ரீசெட்டை அழுத்தினால் புதுசு ரீசெட் ஆகும்.

இதை எங்கள் ஆட்களுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தபோது வாக்கிடாக்கி கைகொடுத்தது. எங்கள் ஆலையில் ஐந்து கோவெண்டர்கள். எங்கள் ஊர்க் கவுண்டர்தான் கப்பலேறி இங்கே கோவெண்டர் ஆனது என்பார்கள். கோயம்புத்தூர்க்காரனுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். ரேடியோவில் "கோவெண்டர், கம் இன்" என்றால் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரிடம் பேச்சு போய்விடும். கிடங்குக் கோவெண்டருக்குச் சொன்ன வேலையை பாய்லர் கோவெண்டர் செய்துவிட்டு வருவார். ஐபி மோதலும் இதுதான். "192.168.1.10 யார்?" என்று ஏஆர்பி (ஐபியைச் சொல்லி அதன் மேக்கைக் கேட்கும் முறை) கேட்கிறது, இரண்டு பேர் "நான்" என்கிறார்கள், கடைசியாகச் சொன்னவர் சொல் நிற்கிறது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். லேப்டாப்பில் அந்த முகவரிக்கு பிங் ('இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை) அடித்துக்கொண்டே சந்தேகப்படும் மெஷினின் கேபிளைக் கழற்றுங்கள். பிங் நின்றால் சரி. நிற்காமல் பதில் வந்துகொண்டே இருந்தால் வேறொருவர் அந்தப் பெயரில் உட்கார்ந்திருக்கிறார். ஏஆர்பி பட்டியலைப் பார்த்து மேக் முகவரியை எழுதிக்கொள்ளுங்கள்; பட்டியலை அழித்துவிட்டு இன்னொரு முறை பிங் அடியுங்கள்; மேக் மாறியிருந்தால் சாட்சியே வேண்டாம். மேக்கின் முதல் மூன்று ஜோடி எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். ஒளிந்திருப்பது பிஎல்சியா, யாரோ ராத்திரியில் குத்திவிட்டுப் போன பிரிண்டரா என்று பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும்.

புது மெஷினின் பிஎல்சியை 192.168.1.60 ஆக மாற்றினேன். சொல்லும்போது ஒரு வரி. செய்யும்போது ஒரு மதியம். எச்எம்ஐக்குள் பழைய எண், இன்னொரு பிஎல்சியின் மெசேஜ் கட்டளைக்குள் பழைய எண், பிரிண்டரின் அமைப்பில் பழைய எண். வீடு மாறினால் ரேஷன் கார்டிலிருந்து கேஸ் புத்தகம்வரை மாற்றுவதுபோல. (மெஷின் வாரண்டியில் இருந்து, ப்ரோக்ராமைத் தொடக் கூடாது என்றால் நடுவில் ஒரு நேட் பெட்டியை (முகவரியை மாற்றிக் காட்டும் பெட்டி) வைத்துவிடுவது நல்லது. உள்ளே அவர்கள் எண்ணே இருக்கட்டும், வெளியே நம் எண்.) இந்த முறை நான் புத்திசாலி. ஸ்டாட்டிக் என்று மாற்றினேன், ஐசொலேட்டரை ஆஃப் செய்து போட வேண்டும் என்று நினைத்தேன். ஷிப்ட் ஆர்டர் அவசரம் என்றார்கள், ஸ்டாட்டிக்தானே என்று விட்டுவிட்டேன். நான்கு நாள் அழகாக ஓடியது. எங்கள் வட்டாரத்துக்கு வெட்டு ஆபீஸ் நேரத்திலேயே வந்துகொண்டிருந்தது; அந்தப் பேனல் மட்டும் ஜெனரேட்டரில் இருந்ததால் அதற்குக் கரண்ட் போகவே இல்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்தது. காலையில் எச்எம்ஐயில் நட்சத்திரக் குறிகள். புது மெஷின் மறுபடி 192.168.1.10.

இது பூட்பி இல்லை, நான் பொத்தானை மறக்கவும் இல்லை. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு கன்ட்ரோலரின் முன்மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு எஸ்டி கார்டு. தயாரிப்பாளர் அதில் ப்ரோக்ராமின் முழு நகலையும் சேமித்து, 'பவர் வரும்போதெல்லாம் ஏற்று' என்று வைத்திருந்தார். கரண்ட் வந்ததும் கார்டு தன் பழைய நகலை முழுசாக உள்ளே ஏற்றியது. அதோடு பழைய முகவரியும் வந்தது. நான்கு நாளில் நான் செய்த மற்ற திருத்தங்களும் போயே போச்சு. சென்சார் தாமதம் இரண்டை மறுபடி ட்யூன் பண்ண வேண்டியதாயிற்று.

கார்டு நல்லதுதான். கன்ட்ரோலர் எரிந்தால் புதுசைப் போட்டுக் கார்டைச் செருகினால் முகவரியோடு எழுந்து உட்காரும். ஆனால் எதை மாற்றினாலும் ப்ரோக்ராம் மோடுக்குப் போய் நான்வாலட்டைல் மெமரி (கரண்ட் போனாலும் அழியாத நினைவகம்) பக்கத்தில் 'ஸ்டோர்' அழுத்திக் கார்டையும் புதுப்பிக்க வேண்டும். நான் ஏற்றும் நிபந்தனையையும் 'நினைவகம் கெட்டால் மட்டும்' என்று மாற்றிவிட்டேன். மெஷின்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. ராத்திரி போன் எனக்குத்தானே வருகிறது.

அங்கிள் இதற்கெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்டது. இடப்பக்கம் மெஷின், நடுவில் ஐபி, வலப்பக்கம் மேக்; கடைசிப் பத்தியின் தலைப்பு 'எங்கே தூங்குகிறது'. அதில் கீபேட், சுழல் ஸ்விட்ச், கார்டு, ஸ்டாட்டிக் என்று ஒரு சொல். நான் எக்செல்லில் அழகாகச் செய்த பட்டியலில் அந்தப் பத்தி இல்லை. நோட்டைப் பார்த்துத்தான் சேர்த்தேன். எண்களையும் ஒழுங்குபடுத்தினோம்: 10 முதல் 19 வரை பிஎல்சி, 20 முதல் 49 வரை டிரைவ், 50-களில் எச்எம்ஐ, 60-களில் வெளியார் மெஷின், 250 முதல் லேப்டாப். ஒவ்வொரு டிரைவின் நெற்றியிலும் கன்வேயர் எண்ணும் ஐபியும் லேபிள் பிரிண்டரில் அடித்து ஒட்டியாகிவிட்டது. மேக்கைப் படிக்க இடுக்கில் போன் விடும் வேலை இனி இல்லை.

2024 மார்ச் கடைசியில் லோட் ஷெட்டிங் நின்றது. மறுவருஷ முதல் பாதியில் சில நாள் எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அங்கிள் ரிட்டயராகிவிட்டார், நோட்டு என்னிடம் இருக்கிறது. போன மாதம் இன்னொரு லைன் போட ஆட்கள் வந்தார்கள். எல்லாம் பச்சை, கையெழுத்துப் போடுங்கள் என்றார் அவர்களுடைய இன்ஜினியர், சின்னப் பையன். மெயின் ஐசொலேட்டரை இறக்குங்கள் என்றேன்.

"எதுக்கு சார்? இப்பதான் கரண்ட் கட்டே இல்லையே."

"ஐந்து நிமிஷம். டிஸ்ப்ளே எல்லாம் இருட்டாகட்டும்."

இறக்கினார். இருட்டானது. ஏற்றினார். நான்கு டிரைவில் இரண்டு எழுந்து பேசின, இரண்டின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. அவர் தோள்பையைத் திறந்து லேப்டாப்பை எடுக்கப் போனார்.

"அது வேண்டாம் தம்பி" என்று டிரைவின் முகப்பைக் காட்டினேன். "சி128-க்குப் போங்க."